ஏப்ரல் வரைக்கும்

ஆதப்பன் வேண்டாம் என்று சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அடுப்படியில் சேதுலட்சுமி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடித்து அடங்குவதற்குள் போன் பேச்சு முடிந்து, அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பேசியது சென்னையில் இருக்கும் மகன் சோமு. அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் வருஷா வருஷம் ஏப்ரல் கடைசியில் ஒரு பத்து நாள் மருத்துவக் காப்பீட்டுக்குப் பேர் சேர்ப்பார்கள். அவன் பேரும் அவன் பெண்டாட்டி வைஷ்ணவி பேரும் ஏற்கெனவே இருந்தன. சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு தாய் தகப்பனையும் சேர்த்துக்கொள்வார்கள். அதைக் கேட்கத்தான் கூப்பிட்டிருந்தான். ஆதப்பனுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் போன் என்று வந்துவிட்டால் ஸ்பீக்கரில் போட்டு வீடு முழுக்கக் கேட்கப் பேசினால்தான் அவருக்குப் பேசிய மாதிரி இருக்கும்.

"படிவத்துல டிபெண்டன்ட்ஸ்னு ஒரு கட்டம் இருக்கு அப்பச்சி. அதுல ஒங்க ரெண்டு பேரு பேரையும் போட்டு ஆதார் குடுத்தாப் போதும்."

"அப்படின்னா என்னப்பா?"

சோமு கொஞ்சம் யோசித்தான். யோசித்துவிட்டு உண்மையைச் சொல்லித் தொலைத்தான். "என்னையச் சார்ந்து இருக்கவங்கன்னு அர்த்தம் அப்பச்சி."

"ஒன்ன வேறு வச்சு நாலு வருஷமாச்சு. நீ தனிப் புள்ளி, நான் தனிப் புள்ளி. நான் எங்க ஒன்னயச் சார்ந்து இருக்கேன்? கோயிலுக்குப் புள்ளி வரி இந்த வருஷமும் நான் என் கையாலதானே கட்டினேன்?"

"இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க அப்பச்சி. அது கம்ப்யூட்டர்ல இருக்கற பேரு."

"கம்ப்யூட்டர்ல எழுதினா பொய்யி பொய்யில்லாமப் போயிருமா? வேண்டாம்ப்பா."

"இப்ப விட்டா இனி அடுத்த ஏப்ரல்தான். நடுவுல சேர்க்க மாட்டாங்க."

"அடுத்த ஏப்ரல்லயும் நான் தனிப் புள்ளிதான். வச்சிரவா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. திருமயத்தைச் சுற்றியுள்ள அவர்கள் ஊர்களில் மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் பெற்றவர்களே நல்ல நாள் பார்த்து அவனை வேறு வைப்பார்கள். சண்டை போட்டுப் பிரிவதில்லை, சண்டை வரக்கூடாது என்று முன்கூட்டியே பிரித்துவிடுவது. ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், ஒரு வருஷத்துக்குக் காணும் அரிசி, பருப்பு, புளி, மிளகாய். அன்று முதல் மகனும் மருமகளும் சேர்ந்து ஒரு புள்ளி. கோயில் வரியானாலும் ஊர்ச் செலவானாலும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கே கிடையாது, புள்ளிக்கு இவ்வளவுதான். சோமுவும் வைஷ்ணவியும் சென்னையில் வாடகை வீட்டில் குடியிருந்தாலும் ஊரில் அவர்களுக்கென்று ஓர் அடுப்பு இருக்கிறது. வருஷத்தில் ஆறு நாள் வைஷ்ணவி அதில் பால் காய்ச்சுவாள். சாப்பாடு என்னவோ மாமியார் அடுப்பில்தான்.

இந்த முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆதப்பன் அதைக் கொண்டுபோய் ஒரு சென்னைக் கம்பெனியின் படிவத்தில் பொருத்திப் பார்த்தார் பாருங்கள், அதுதான் தப்பு.

"என்னவாம் சோமுக்கு?" என்று சேதுலட்சுமி கேட்டாள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

"ஏதோ ஆபீஸ் பேப்பரு" என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே.

வேண்டாம் என்று அவர் சொன்னது இரண்டு பேருக்கும் சேர்த்து. அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, கேட்கவில்லையே என்று அன்றைக்கு அவளுக்கும் தோன்றவில்லை. ஐம்பத்தேழு வயதில் அவளுக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, காய்ச்சல் தலைவலி என்று படுத்ததும் இல்லை.

அரசாங்கக் காப்பீடு ஒன்று இருக்கிறதே என்றால், அதற்கு வருமானம் குறைவு என்று சான்று வேண்டும். திருமயம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆதப்பன் வைத்திருக்கும் பெயிண்ட் கடையில் வருகிற வருமானத்துக்குத் தாராளமாகக் கொடுப்பார்கள். ஒரு தடவை போகவும் செய்தார். வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் அவர் கடையில் சாமான் வாங்கும் பெயிண்டர் ஒருவர் அதே சான்றுக்கு நின்றுகொண்டிருந்தார். "என்ன செட்டியாரே இங்கிட்டு?" என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டார். "பட்டா விஷயமா வந்தேன்" என்று சொல்லிவிட்டு ஆதப்பன் திரும்பி வந்துவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே கிடையாது.

வைகாசி பிறந்து பத்து நாள் இருக்கும். குளிக்கும்போது சேதுலட்சுமியின் வலது மார்பின் ஓரத்தில் சோப்புக் கை ஒரு இடத்தில் தட்டி நின்றது. புளியங்கொட்டை அளவு. அழுத்திப் பார்த்தாள். வலிக்கவில்லை. நகர்த்திப் பார்த்தாள். நகரவும் இல்லை.

வலித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. போன வருஷம் ஊராட்சி அலுவலகத்தில் பெண்களைக் கூட்டிவைத்துப் பேசிய நர்சம்மா இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். வலிக்கிற கட்டியை நீங்களே காட்டிருவீங்க, வலிக்காத கட்டியத்தான் மறைப்பீங்க, அதைத்தான் மொதல்ல காட்டணும் என்று. ஆக அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரியாத்தனத்தால் நடந்த கதையாக இருந்தால் இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

அவளுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. எதிர் வீட்டு விசாலியின் புருஷன் உடையப்பன், ஏஜென்ட் ஒருத்தரிடம் மருத்துவப் பாலிசி எடுத்து ஒழுங்காகப் பணம் கட்டி வந்தார். நெஞ்சு வலி வந்து ஆபரேஷன் ஆனபோது கம்பெனிக்காரர்கள் எங்கிருந்தோ ஒரு பழைய மருந்துச் சீட்டைத் தோண்டி எடுத்தார்கள். பாலிசி எடுப்பதற்கு முன்னாலேயே உங்களுக்குச் சர்க்கரை இருந்திருக்கிறது, அதை நீங்கள் சொல்லவில்லை, ஆகவே ஒன்றும் கிடையாது என்று கடிதாசி வந்தது. விசாலியின் காதில் கிடந்த வைரத்தோடு அந்த வாரமே விலை போயிற்று. இந்தக் கதையை விசாலி வாயால் சேதுலட்சுமி நாற்பது தடவையாவது கேட்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் விசாலி முடிப்பது ஒரே மாதிரிதான். "அந்தச் சீட்டு மட்டும் இல்லேன்னா குடுத்திருப்பான் சேது. எல்லாம் அந்தத் தேதியால வந்தது."

அப்படியானால் சீட்டு எழுதக் கூடாது. டாக்டர் கண்ணில் படக் கூடாது. புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள், அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனால் அங்கேயும் சீட்டு உண்டு, சீட்டில் தேதி உண்டு. பெரிய வியாதி என்று தெரிந்த பிறகு ஆதப்பன் அவளை இலவச வார்டில் விட்டுவைக்கவும் மாட்டார். கடையைத் தள்ளிவிடுவார். சோமு பிளாட்டுக்கென்று சேர்த்து வைத்திருப்பதை எடுத்துக்கொண்டு ஓடி வருவான். அவள் ஒருத்திக்காக இரண்டு புள்ளியும் கையை விரித்துக்கொண்டு நிற்கும்.

இனி அடுத்த ஏப்ரல்தான் என்று சோமு சொல்லியிருந்தான். ஏப்ரலில் எப்படியாவது பேரைச் சேர்த்துவிடுவது. சேர்த்தபின் புதிதாக வந்தது போல் காட்டுவது. விரல் விட்டு எண்ணினாள். பதினோரு மாசம். புளியங்கொட்டை அளவுதானே, பதினோரு மாசம் பொறுக்காதா என்று அதையே ஒரு ஆளாக நினைத்துக் கேட்டுக்கொண்டாள்.

சுத்த முட்டாள்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியில் இருப்பதைப் போட்டுக்கொள்வது முப்பது வருஷத்துக்கு மேலான பழக்கம். வியாதிக்கும் அவள் அதே பழக்கத்தைத்தான் கையாண்டாள்.

ஆடியில் அது கொட்டைப்பாக்கு அளவு ஆயிற்று. தினமும் தொட்டுப் பார்த்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது மட்டும் தொடுவது என்று ஒரு கட்டுப்பாடு வைத்தாள். மற்ற ஆறு நாளும் அது இல்லை என்றே நடந்துகொண்டாள். சில வெள்ளிக்கிழமைகளில் வளரவில்லை போலிருக்கும். அன்றைக்கெல்லாம் வீட்டில் பாயசம். ஆதப்பன் என்ன விசேஷம் என்று கேட்டபடியே இரண்டு டம்ளர் குடிப்பார்.

அப்படி அவர் குடித்துக்கொண்டிருக்கும்போது சில நேரம் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். எனக்கும் சேர்த்து எப்படிய்யா வேண்டாம்னு சொன்னீர் என்று சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கும். என் உடம்பு உம்முடைய புள்ளிக் கணக்கில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்க வேண்டும் போலிருக்கும். அவர் டம்ளரைக் கீழே வைத்து, "ஏலக்காய் கூடுதலாப் போட்டியா, மணக்குது" என்பார். அதோடு போயிற்று. மோசமான மனுஷர் என்றால் கோபத்தை வளர்க்கலாம். ஆதப்பன் மோசமான மனுஷரும் இல்லை, அதுதான் அவளுக்கு இருந்த கஷ்டம்.

பொங்கலுக்குச் சோமுவும் வைஷ்ணவியும் வந்தார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் தனிப் பொங்கல் பானை வைக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அடுப்பு கூட்டி, மாமியாரும் மருமகளும் ஆளுக்கு ஒரு பானை ஏற்றினார்கள். வைஷ்ணவிக்கு விறகு பற்றவில்லை. சேதுலட்சுமி போய் ஊதி எரியவிட்டு, அவள் பானையையும் இறக்கிச் சரியாக வைத்துக் கொடுத்தாள்.

"அத்தை, எல்லாத்துக்கும் எடது கையத்தான் நீட்டுறீங்க. வலது கைக்கு என்ன?"

"கோணலாப் படுத்துட்டேன் போல. சுளுக்கு."

"ஒரு டாக்டரப் பாத்துருவமே. இவுகளக் கார எடுக்கச் சொல்றேன்."

"சுளுக்குக்கு என்னத்துக்குத்தா டாக்டரு? ஒம் பானை பொங்கப் போகுது, அதப் பாரு."

வைஷ்ணவி விடவில்லை. பொங்கல் முடிந்த மத்தியானம் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து, உட்காருங்க என்று பின்னால் உட்கார்ந்து தோளைத் தேய்த்தாள். நல்ல பிள்ளை. விரல் தோளிலிருந்து இறங்கி இறங்கி அக்குள் பக்கம் வரும்போதெல்லாம் சேதுலட்சுமி கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். அங்கே அப்போது இரண்டு நெறி கட்டியிருந்தது. சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. தை, மாசி, பங்குனி, இன்னும் மூன்று மாசம்தானே என்று விழுங்கிவிட்டாள். எட்டு மாசத்தைப் பல்லைக் கடித்துக் கடந்தவளுக்கு மிச்சத்தை வீணாக்க மனசு வரவில்லை. "போதும் ஆத்தா, விட்டுப்போச்சு" என்று எழுந்துகொண்டாள்.

ஏப்ரல் இருபதாம் தேதி, ஆதப்பன் கடைக்குப் போன பிறகு அவளே சோமுவைக் கூப்பிட்டாள்.

"பேரு சேர்க்கறது வந்துருச்சா?"

"எது ஆத்தா? ஓ, இன்சூரன்ஸா? நேத்துதான் ஓபன் ஆச்சு. அப்பச்சிதான் வேண்டாம்னாங்களே."

"அவர்ட்டக் கேக்காத. ரெண்டு பேரு பேரையும் போட்டுரு. அவருக்கு நான் சொல்லிக்கிறேன்."

"திடீர்னு என்ன ஆத்தா? ஒடம்புக்கு எதுவும் பண்ணுதா?"

"பண்ணுனா சொல்ல மாட்டனா? வயசாகுதுல்ல, அதான்."

பெற்ற பிள்ளையிடம் அவ்வளவு பெரிய பொய்யை அவள் அதுவரை சொன்னதில்லை. நாக்குக் கொஞ்சமும் கூசவில்லை. மறுநாள் ஆதப்பன் குளிக்கப் போனபோது அவர் பர்ஸிலிருந்து ஆதார் அட்டையை உருவி, ஜன்னலோரம் வைத்து முன்னும் பின்னும் போட்டோ எடுத்து அனுப்பினாள். ஒன்றில் அவள் கட்டைவிரல் விழுந்துவிட்டது. மறுபடி எடுப்பதற்குள் அவர் துண்டு கேட்டுவிட்டார். அதற்கு அடுத்த நாள் எடுத்தாள்.

மே மாதம் முதல் தேதியிலிருந்து காப்பீடு செல்லும் என்று கார்டு வாட்ஸப்பில் வந்தது. அன்று அவள் கண்ணாடி முன்னால் நின்று நன்றாகப் பார்த்தாள். கட்டி எலுமிச்சங்காயைத் தாண்டியிருந்தது. மேல் தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. முதல் நாளே போய் நின்றால் சந்தேகப்படுவார்கள் என்று இன்னும் ஐந்து நாள் தள்ளிப்போட்டாள்.

ஆறாம் தேதி மத்தியானம் ஆதப்பன் சாப்பிட உட்கார்ந்தார். மோர் ஊற்றும்போது சொன்னாள். "ஏங்க, மாருல ஒரு கட்டி மாதிரி இருக்கு."

பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. "எப்பலேர்ந்து?"

"ஒரு மாசமா."

"ஒரு மாசமா வாயத் தொறக்காம இருந்தியா?" என்று எழுந்தவர் கையைக் கழுவக்கூட இல்லை. எச்சில் கையோடு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தார். "கடைய யாரு கேட்டாலும் குடுத்துரலாம். போன மாசம்கூட ஒருத்தன் கேட்டான். நீ ஒண்ணும் பயப்படாத."

 இந்த இடத்துக்கென்று பல மாசமாக அவள் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தாள். உங்களை யாரும் குறைவாக நினைக்கவில்லை, அது வெறும் படிவம், கோயில் வரியை நீங்கள்தான் கட்டப்போகிறீர்கள், என் தலை மேல் அடித்துச் சொல்கிறேன் என்று நீளமாக இருந்தது அது. அதைத் தொடங்குவதற்கு முன்னால் விஷயத்தை மட்டும் சொன்னாள். "கடைய விக்க வேண்டாம். சோமு ஆபீஸ் இன்சூரன்ஸுல நம்ம ரெண்டு பேரையும் சேர்த்திருக்கான்."

"சேர்த்துட்டானா?" ஆதப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "நல்ல வேளை. நல்ல வேளை சேது."

அவ்வளவுதான். சார்ந்தவர் என்ற பேச்சு இல்லை, யாரைக் கேட்டுச் சேர்த்தான் என்ற கேள்வி இல்லை. ஒரு வருஷமாக மலை மாதிரி இருக்கிறது என்று நினைத்து அவள் சுற்றிச் சுற்றிப் போன அவருடைய ரோஷம், அவள் சொன்ன ஒரு வார்த்தையில் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. போன வைகாசியில் இதே போல் மோர் ஊற்றும்போது சொல்லியிருந்தாலும் இப்படித்தான் போயிருக்கும். அவள் மோர்ப் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றாள். கீழே உட்கார்ந்து வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது, சாப்பிட வாங்க என்றாள்.

திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சோமு லீவு போட்டு வந்து காரோட்டினான். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து எல்லாக் காகிதத்தையும் முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு டாக்டரம்மா பேசினார். புற்றுநோய்தான். அக்குள் நெறிகளுக்கும் போயிருக்கிறது.

"எவ்வளவு நாளாம்மா இருக்கு?"

"ஒரு மாசமா டாக்டர்." பரீட்சைக்குப் படித்த பிள்ளை மாதிரி பதில் வந்தது.

டாக்டரம்மா எழுதியதை நிறுத்திவிட்டு ஸ்கேனை இன்னொரு தரம் பார்த்தார். "ஒரு மாசத்துல இவ்வளவு வளர்ந்துருக்குன்னா ரொம்ப வேகமான ரகமா இருக்கணும். ஆனா டெஸ்ட்ல அப்படித் தெரியலையே. இன்னொரு டெஸ்ட் அனுப்பிப் பாத்துட்டு மருந்த முடிவு பண்ணுவோம். நீங்க கீழ போய் இன்சூரன்ஸ் வேலைய முடிச்சிட்டு வாங்க."

கீழே காப்பீட்டுக் கவுண்டரில் ஷர்லி என்று பேர் எழுதிய அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஆவூர்ப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. சோமு கார்டைக் கொடுத்துவிட்டு, எழுதிக் கொடுத்த மாத்திரைகளை வாங்க மருந்துக்கடை வரிசைக்குப் போனான். ஆதப்பன் அவள் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்து ஷர்லி சிரித்தாள்.

"அப்ரூவல் வந்துருச்சுங்கம்மா. முதல் ட்ரீட்மென்ட்டுக்கு நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம்."

சேதுலட்சுமி நகரவில்லை. "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்கம்மா."

"எப்பலேர்ந்து இருக்குன்னு அவுக கேக்கலையா?"

"இது கம்பெனி குரூப் பாலிசிம்மா. இதுக்கு முன்னாடியே இருந்த வியாதியா இருந்தாலும் ஒங்க பாலிசியில முதல் நாள்லேர்ந்தே கவர் ஆகும். தனியா எடுக்கறதுக்குத்தான் அந்தக் கேள்வி எல்லாம்." பிரிண்டரிலிருந்து தாளை எடுத்து ஆதப்பனிடம் நீட்டினாள். "எப்பலேர்ந்துங்கறது எங்களுக்குத் தேவையில்லைங்கம்மா. டாக்டருக்குத்தான் தேவை."

சேதுலட்சுமி கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு காவல்காரனுக்குப் பயந்து ஒரு வருஷம் பதுங்கியிருந்துவிட்டு, வெளியே வந்து பார்த்தால் அங்கே காவலே இல்லை. உடையப்பனுக்கு வந்த கடிதாசி உடையப்பனுடையது. ஒரு மருந்துச் சீட்டுக்குப் பயந்து அவள் எந்த டாக்டரையும் பார்க்கவில்லை. போன வருஷமே பெரியாஸ்பத்திரியில் காட்டி, சீட்டு வாங்கி, தேதி போட்டு, வைத்தியமும் பார்த்திருக்கலாம். அதற்கப்புறம் ஏப்ரலில் பேரும் சேர்த்திருக்கலாம். ஒன்று இன்னொன்றைத் தடுத்திருக்காது.

"என்ன சேது, தலைய சுத்துதா?" என்றார் ஆதப்பன்.

"மேல போவோம், வாங்க. டாக்டர்ட்ட ஒண்ணு சொல்லணும்."

டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லியிருந்தார். சேதுலட்சுமி உள்ளே போய் நின்றபடியே சொன்னாள். "ஒரு மாசம் இல்ல டாக்டர். போன வைகாசியிலேர்ந்து இருக்கு. அப்ப புளியங்கொட்டை அளவு இருந்துச்சு."

ஆதப்பன் அவள் பக்கம் திரும்பியது அவளுக்குத் தெரிந்தது. அவள் திரும்பவில்லை.

"ஏம்மா சொல்லல?" என்றார் டாக்டரம்மா.

"இன்சூரன்ஸ் வரட்டும்னு இருந்தேன்."

டாக்டரம்மா ஆச்சரியப்படவில்லை. பேனாவை எடுத்து ஒரு மாசம் என்பதை அடித்துவிட்டு ஒரு வருஷம் என்று எழுதினார். "வாரத்துக்கு ஒருத்தராவது இதைச் சொல்லிட்டுத்தான் போறாங்க. நல்லவேளை இப்பவாவது சொன்னீங்க. இது வேகமான ரகம் இல்லன்னு ஆகுது. அது ஒரு நல்ல சேதிதான்."

"போன வைகாசியிலயே வந்திருந்தா?" என்று கேட்டது ஆதப்பன்.

டாக்டரம்மா அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மறைக்கவில்லை. "சின்ன ஆபரேஷனோட போயிருக்கலாம். மாரக்கூட எடுக்க வேண்டி வந்திருக்காது. இப்ப மொதல்ல ஆறு மாசம் மருந்து ஏத்தணும், அப்புறம் முழுசா எடுக்கணும், அதுக்கப்புறம் ரேடியேஷன். அதையெல்லாம் முடிச்சாலும் உறுதியா எதுவும் சொல்ல முடியாது. முயற்சி பண்ணுவோம்."

வெளியே வந்து நடையில் கிடந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மருந்து வரிசையிலிருந்து சோமு இன்னும் வரவில்லை. ஆதப்பன் ஷர்லி கொடுத்த தாளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்பார், நீங்கள் வேண்டாம் என்றீர்களே என்று தான் சொல்லிவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. வேறு எதையோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொங்கலன்னைக்கும் இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சு."

"மருதையில என் தங்கச்சி மக கல்யாணத்துக்கு மூணு நாள் இருந்தமே, அப்ப?"

"அப்பவும் இருந்துச்சுங்க."

"வெள்ளிக்கிழமையில பாயசம் போட்டியே, அப்பவும்?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் ஒரு நாள் விடாமல் பின்னால் போய்க்கொண்டிருந்தார். தீபாவளி. அவருடைய அறுபதாவது பிறந்த நாளுக்குக் கோயிலில் உட்கார்ந்து சாப்பிட்டது. நல்ல நாள் என்று அவர் நினைத்து வைத்திருந்த ஒவ்வொன்றையும் எடுத்து, அங்கே அது இருந்ததா என்று கேட்டுத் திருப்பி வைத்தார். அவள் இருந்துச்சு, இருந்துச்சு என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

 பிறகு தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கார்த்திகையில கடைச் சாமான் வீட்டுல எறங்குனப்ப, ஒரு கை பிடின்னு ஒன்னக் கூப்பிட்டேன். இருபது லிட்டர் பெயிண்டு வாளி. நீ வலது கையில பிடிச்சு, பாதியில விட்டுட்ட. வீட்டுப் பட்டாசாலைத் தரை பூரா வெள்ளையாப் போச்சு. ஒரு வாளியப் பிடிக்கத் துப்பில்லையான்னு லோடு எறக்குன ஆளுக முன்னாடி ஒன்ன வஞ்சேன். அன்னைக்கு..."

கார்த்திகை, வைகாசிக்குப் பிறகுதான் வருகிறது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"அன்னைக்கு இல்லைங்க" என்றாள் சேதுலட்சுமி. "அன்னைக்கு சும்மாதான் கை வழுக்கிருச்சு."

ஆதப்பன் சரி என்று தலையாட்டினார். மடியில் இருந்த தாள் நனைந்துவிடாமல் அதை மட்டும் எடுத்து அவள் கையில் கொடுத்தார்.